100 லிட்டர் எச்₂ஓ-வில் கலக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்குப் புளியங்குடிப் பக்கம் ஒரு கிராமம். வேதியியல் படித்துவிட்டு அப்பாவின் எலுமிச்சைத் தோட்டத்தைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் விவசாயிகள் குழுவுக்கு ஒரு துண்டறிக்கை எழுதினேன். அதில் மூன்று வாக்கியங்கள் இவை: ‘நம் கிணற்று நீரில் என்ஓ₂ 52 உள்ளது.’ ‘எலுமிச்சைச் சொறி நோய்க்கு சியுஎஸ்ஓ₄ 1 கிலோ, சிஏசிஓ₃ 1 கிலோ எடுத்து 100 லிட்டர் எச்₂ஓ-வில் கலந்து தெளிக்கவும்.’ ‘டிஏபி உரத்தில் பி₂ஓ₅ 46 சதவீதம் இருக்கிறது.’ எங்கள் ஊர்த் தமிழாசிரியர் மூன்றையும் அடித்துவிட்டு, ‘வாக்கியத்துக்குள் வாய்பாடு வரக் கூடாது’ என்கிறார். அவர் சொல்வது சரியா? ‘எச்₂ஓ-வில்’ என்று எழுதுவதா, ‘எச்₂ஓ-இல்’ என்று எழுதுவதா? அடுத்த வாரம் நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது.

பதில்: தம்பி, உங்கள் வாத்தியார் அடித்தது சரி, சொன்ன காரணம் சரியில்லை. வாய்பாடு வாக்கியத்துக்குள் தாராளமாக வரலாம். உலகம் முழுவதும் வேதியியல் கட்டுரைகளில் அது வாக்கியத்தின் நடுவேதான் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மூன்று வாக்கியங்களிலும் கோளாறு வேறு. வேற்றுமை உருபைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் ‘வில்’லா ‘இல்’லா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த நோட்டீஸை நம்பி ஒருவர் மருந்து கலந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. இந்தப் பகுதி தமிழ் எழுத்திலேயே அச்சாவதால் வாய்பாடுகளை நாம் வாயால் சொல்லும் ஒலியில் தருகிறேன். நோட்டீஸில் நீங்கள் ரோமன் எழுத்திலேயே எழுத வேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

பொருளின் பெயரைச் சொல்வது ஊர்ப்பெயரைச் சொல்வது போல. வாய்பாட்டைச் சொல்வது கதவு எண் வரை சொல்வது. தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், தாமிரபரணித் தண்ணீர் எல்லாம் அடங்கும். எச்₂ஓ என்றால் இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறு, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. உங்கள் விவசாயி 100 லிட்டரைப் பம்புசெட்டிலிருந்து பிடிக்கப்போகிறார். அதில் கால்சியம், மெக்னீசியம், குளோரைடு எல்லாம் கரைந்திருக்கின்றன. நைட்ரேட் இருக்கிறது என்று சொல்லத்தான் முந்திய வரியையே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, அடுத்த வரியில் அதே நீரை எச்₂ஓ என்பது எப்படிப் பொருந்தும்? அங்கே ‘தண்ணீர்’ என்று எழுதுவதுதான் வேதியியல்படியும் சரி. தூத்துக்குடி உப்பளத்தில் வாருவது உப்பு. அதில் சோடியம் குளோரைடுதான் பெரும்பங்கு என்றாலும், கழுவிச் சுத்தம் செய்யும் வரை மெக்னீசியமும் சல்பேட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்பளத் தொழிலாளர்கள் என்ஏசிஎல் வாரினார்கள் என்று எவரும் எழுத மாட்டார்கள். படித்த படிப்பைக் காட்டுவதற்காக வாய்பாட்டைக் கொண்டுவந்தால் வாக்கியம் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

பெயர் மட்டும் சொன்னால் பொருள் குழம்பும் என்ற இடத்தில்தான் வாய்பாட்டுக்கு வேலை. உங்கள் இரண்டாவது வாக்கியமே அதற்கு உதாரணம். வேடிக்கை என்னவென்றால், வாய்பாடு நியாயமாக வர வேண்டிய அந்த இடத்தில்தான் இரண்டு வாய்பாடுகளையும் தவறாக எழுதியிருக்கிறீர்கள்.

மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் நீலப் படிகத்தின் வாய்பாடு வெறும் சியுஎஸ்ஓ₄ இல்லை. ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கின்றன. அதனால்தான் நடுவில் ஒரு புள்ளி வைத்து ‘5எச்₂ஓ’ என்று சேர்த்து எழுதுகிறோம். சூடேற்றி அந்த நீரை விரட்டினால் நீலம் போய் வெண்ணிறப் பொடி மிஞ்சும். நீங்கள் எழுதிய வாய்பாடு அந்த வெள்ளைப் பொடிக்கு உரியது. இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஒரு கிலோ நீலப் படிகத்தில் ஏறக்குறைய 360 கிராம் தண்ணீர், செம்பு 255 கிராம். ஒரு கிலோ வெள்ளைப் பொடியிலோ செம்பு கிட்டத்தட்ட 400 கிராம். துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த இந்த மருந்துக்குப் போர்டோ கலவை என்று பெயர். அதற்குச் சொல்லப்படும் ஒரு கிலோ என்பது நீலப் படிகத்தின் கணக்கு. உங்கள் வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர் ஒன்றரை மடங்கு செம்பை இலையில் கொட்டுவார். நல்லவேளையாகக் கடைக்காரருக்கு வாய்பாடு தெரியாது. துத்தம் என்று கேட்டால் நீலத்தைத்தான் நிறுத்துக் கொடுப்பார்.

சுண்ணாம்பில் நீங்கள் செய்திருப்பது இதைவிடப் பெரிய தவறு. நம் வழக்கில் ‘சுண்ணாம்பு’ என்ற ஒரே சொல் மூன்று பொருள்களுக்கு ஓடுகிறது. தாழையூத்தில் வெட்டி எடுப்பது சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். உங்கள் சிஏசிஓ₃ அதுதான். அதைக் காளவாசலில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்க் கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். அது சுட்ட சுண்ணாம்பு, சிஏஓ. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். அது கால்சியம் ஹைட்ராக்சைடு. வாய்பாட்டில் ஓஎச் அடைப்புக்குறிக்குள் நிற்க, அடைப்புக்குறிக்கு வெளியே கீழே 2 வரும். போர்டோ கலவைக்குத் தேவைப்படுவது சுட்ட சுண்ணாம்பை நீற்றிக் கிடைக்கும் பால். துத்தக் கரைசலுக்கு அமிலத்தன்மை உண்டு. அதை முறிப்பதும், செம்பைக் கரையாத வடிவத்தில் இலைமேல் படிய வைப்பதும் இந்தப் பால்தான். சுண்ணாம்புக்கல் தூள் தண்ணீரில் கரையாமல் தொட்டியடியில் மண்டியாக நிற்கும். துத்தம் சரியாக முறியாது. அந்தக் கலவையை அடித்தால் சொறி நோய் போகிறதோ இல்லையோ, கொழுந்து கருகிவிடும்.

ஆகவே அந்த வாக்கியத்தை நான் இப்படி மாற்றுவேன்: ‘எலுமிச்சைச் சொறி நோய்க்கு ஒரு சதவீத போர்டோ கலவை தெளிக்கவும். மயில்துத்தம் (நீலப் படிகம்) 1 கிலோவை 50 லிட்டர் தண்ணீரில் கரைக்கவும். சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவைத் தனியே நீற்றி 50 லிட்டர் தண்ணீரில் கலக்கி வடிகட்டவும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும்.’ இதில் ஒரு வாய்பாடுகூட இல்லை, கவனித்தீர்களா? ‘நீலப் படிகம்’, ‘சுட்ட’ என்ற சொற்களே குழப்பத்தைத் தீர்த்துவிட்டன. இதே விஷயத்தை வேளாண்மை மாணவர்களுக்கான பாடக் குறிப்பாக எழுதுவதானால் நிச்சயம் வாய்பாடுகளைத் தருவேன். தந்தால் புள்ளியும் ஐந்து நீரும் அடைப்புக்குறியும் தப்பாமல் முழுசாகத் தருவேன். அரை வாய்பாடு என்று ஒன்று கிடையாது.

கலவை முறிந்ததா என்று பார்க்கிற பழைய வழியையும் நோட்டீஸில் சேர்த்துவிடுங்கள். துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவைக்குள் ஒரு நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். அலகில் செந்நிறமாகச் செம்பு படிந்தால் துத்தம் இன்னும் முறியவில்லை என்று அர்த்தம். கத்தி வெளுப்பாக வரும் வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். எந்த வாய்பாட்டையும்விட விவசாயிக்கு இந்தக் கத்தி உதவும். கலக்குவதற்கு இரும்பு டிரம் ஆகாது, பிளாஸ்டிக் டிரம்தான் என்பதையும் எழுதுங்கள்.

இனி முதல் வாக்கியம். பரிசோதனைத் தாளின் படத்தைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள். அதில் இருப்பது என்ஓ₃, அதன் தலைக்கு மேல் ஒரு கழித்தல் குறி. நீங்கள் எழுதியது என்ஓ₂, குறியும் இல்லை. என்ஓ₂ என்று மொட்டையாக எழுதினால் அது நைட்ரஜன் டை ஆக்சைடு. மூக்கில் ஏறினால் நெஞ்சை அடைக்கும் செம்பழுப்பு நிற நச்சு வாயு. கழித்தல் குறியோடு எழுதினால் நைட்ரைட் அயனி. மூன்று ஆக்சிஜனும் கழித்தல் குறியும் சேர்ந்தால்தான் நைட்ரேட். ஓர் எண்ணும் ஒரு கோடும் விட்டுப்போனதில், உரமும் சாணமும் கசிந்து வருகிற நைட்ரேட் நச்சு வாயுவாகிவிட்டது.

‘52’ என்பது தனியாக நிற்பதும் தவறு. என்ன அலகு, எதன் கணக்கில் என்ற இரண்டும் வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், 10500 என்ற எண்ணுடைய 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில், நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. அது நைட்ரேட் அயனி முழுவதன் எடை. அமெரிக்காவில் அதே நைட்ரேட்டை அதிலுள்ள நைட்ரஜனின் எடையாக மட்டும் கணக்கிட்டு 10 மில்லிகிராம் என்று எல்லை வைக்கிறார்கள். பார்த்தால் நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு போலத் தெரியும். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. நைட்ரஜன் கணக்கை 4.43-ஆல் பெருக்கினால் நைட்ரேட் கணக்கு வரும். உங்கள் 52 நைட்ரேட் கணக்கில் இருப்பதால் எல்லையைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. நைட்ரஜன் கணக்கில் இருந்திருந்தால் அது 230 நைட்ரேட்டுக்குச் சமம். அந்தக் கிணற்றை உடனே மூடச் சொல்லியிருப்பேன். எனவே, ‘நம் கிணற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 52 மில்லிகிராம் (நைட்ரேட்டாகக் கணக்கிட்டது) உள்ளது, குடிநீருக்கான எல்லை 45’ என்று எழுதுங்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இந்தத் தண்ணீரில் பால்பொடி கரைக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்ப்பதும் நல்லது. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

‘கணக்கிட்டது’ என்ற இந்தச் சொல்தான் மூன்றாவது வாக்கியத்துக்கும் மருந்து. டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் பி₂ஓ₅ என்று ஒரு பொருள் இல்லவே இல்லை. அசல் பாஸ்பரஸ் பென்டாக்சைடு வெள்ளைப் பொடி; தண்ணீர் பட்டால் சீறிச் சூடு கக்கிப் பாஸ்பாரிக் அமிலமாகும். அதை எவரும் வயலில் இட முடியாது. பழைய நாளில் வேதியியலர்கள் தாதுக்களைப் பகுத்துப் பார்த்து முடிவுகளை ஆக்சைடுகளாக எழுதினார்கள். உர மூட்டையில் அந்தக் கணக்கு வழக்கு இன்றைக்கும் தங்கிவிட்டது. டிஏபி மூட்டையில் 18:46:0 என்றால் நைட்ரஜன் 18 சதவீதம், பாஸ்பரஸை ஆக்சைடாக மாற்றிக் கணக்கிட்டால் 46 சதவீதம், பொட்டாசியம் இல்லை என்று பொருள். நிஜமான பாஸ்பரஸ் 20 சதவீதம்தான். 50 கிலோ மூட்டைக்கு 10 கிலோ. பொட்டாஷ் உரத்தின் 60 சதவீத கே₂ஓ-வும் இப்படியே. உள்ளே இருப்பது பொட்டாசியம் குளோரைடு, பொட்டாசியம் சுமார் 50 சதவீதம். நீரின் கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகச் சொல்வதும் இந்த ஜாதிதான். இந்த இடங்களில் ‘பி₂ஓ₅ இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். ‘பாஸ்பரஸ் சத்து, பி₂ஓ₅ ஆகக் கணக்கிட்டால், 46 சதவீதம்’ என்று எழுதுங்கள். மண் பரிசோதனைத் தாளில் பாஸ்பரஸ் தனிமமாகவும் உரப் பரிந்துரையில் ஆக்சைடாகவும் வந்தால், இரண்டையும் நேராக ஒப்பிட்டு மூட்டை எண்ணக் கூடாது.

இப்போது உருபுக்கு வருகிறேன். உங்கள் சந்தேகம் நியாயமானது. எச்₂ஓ என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு ‘ஓ-வில்’ என்று வரும். அதைத் தண்ணீர் என்றே மனசுக்குள் படிக்கிறவருக்கு அந்த ‘வில்’ இடறும். சிஓ₂ இன்னும் மோசம்: ‘சி ஓ டூ’ என்றால் ‘வை’, ‘கார்பன் டை ஆக்சைடு’ என்றால் ‘டை’, சிலர் ‘சி ஓ இரண்டு’ என்று படிப்பார்கள், அவர்களுக்கு ‘இரண்டை’ என்று வரும். வாசகர் எப்படிப் படிப்பார் என்று நாம் தீர்மானிக்க முடியாது. நான் கடைப்பிடிக்கும் வழி, வாய்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு வகைச்சொல்லை நிறுத்தி, உருபை அதன் தலையில் ஏற்றிவிடுவது. சிஓ₂ வாயுவை, என்ஓ₃⁻ அயனியால், எச்₂ஓ மூலக்கூறில், சியுஎஸ்ஓ₄ கரைசலுக்கு. தமிழுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. இன்னொரு லாபமும் உண்டு: ‘அயனி’ என்று எழுதக் கை போகும்போதே மேலே மின்சுமை போட்டோமா என்று நினைவு வரும். நீங்கள் முதல் வாக்கியத்தில் அப்படி எழுதியிருந்தால் கழித்தல் குறி தப்பியிருக்காது. அட்டவணையின் அடிக்குறிப்பு போல இடம் நெருக்கடியான இடத்தில் சிறுகோடு போட்டு -ஐ, -ஆல், -இல் என்று உருபை மாற்றாமல் ஒட்டலாம். ஒரே அறிக்கையில் ஓரிடத்தில் ‘வை’, ஓரிடத்தில் ‘ஐ’ என்று கலக்கக் கூடாது. எழுவாயாக வரும்போது சிக்கலே இல்லை, ‘சிஓ₂ வெளியேறுகிறது’ என்று உருபில்லாமல் நிற்கும். வாய்பாட்டுக்குப் பின்னால் ஒற்று மிகுமா என்று வாத்தியார் கேட்டால், மிகாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். வாய்பாட்டின் வாலில் க்கும் ச்சும் போட்டால் அது வேறு தனிமமாகத் தெரியும்.

வாக்கியத்தை வாய்பாட்டோடு தொடங்காமல் இருப்பது நல்லது. தமிழில் சொற்களை முன்பின் மாற்றுவது எளிது. வாய்பாட்டை அடுத்து உடனே எண் வர விடாதீர்கள். ‘என்ஓ₂ 52’ என்பதை அச்சில் 252 என்று படித்தவர்கள் உண்டு. வாய்பாட்டை வரி முடிவில் இரண்டாக உடைக்கவும் கூடாது.

ரோமன் எழுத்து ஏன் என்றேன் அல்லவா? சுவீடன் வேதியியலர் பெர்சீலியஸ் 1813 வாக்கில் தனிமங்களுக்கு லத்தீன் பெயரின் முதலெழுத்துகளைக் குறியீடாக வைத்தார். முதலெழுத்து பெரியது, இரண்டாவது இருந்தால் சிறியது. தமிழில் அந்தப் பெரியது சிறியது பேதம் கிடையாது, அதனால் நம்மவர்களுக்கு அதில் ஓர் அலட்சியம். சி, ஓ இரண்டும் பெரிய எழுத்தானால் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு; ஓ மட்டும் சிறியதானால் கோபால்ட் என்ற உலோகம். எம் பெரியதாகவும் ஜி சிறியதாகவும் இருந்தால் மெக்னீசியம், இரண்டும் சிறியதானால் மில்லிகிராம். மெக்னீசியம் இத்தனை மில்லிகிராம் என்று எழுதும் நீர்ப் பரிசோதனை அறிக்கையில் இவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து அடித்துக்கொள்ளும். அலகை ‘மி.கி.’ என்று தமிழில் எழுதிவிட்டால் அந்தச் சண்டை தீர்ந்தது.

கடைசியாக அச்சகம். தட்டச்சு செய்பவர், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறவராக இருந்தால் ரோமன் எழுத்துகள் அப்படியே தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். அந்த எழுத்துருவில் சோடியம் குளோரைடின் வாய்பாட்டை அடித்துப் பாருங்கள், ‘யேஊட’ என்று வரும். ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் எழுத்துருவை மாற்றச் சொல்ல வேண்டும். அவசரத்தில் கீழே இறங்க வேண்டிய 2 வரியோடு வரியாக நிற்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் மேலே ஏற வேண்டிய கழித்தல் குறி சிறுகோடாக மாறி உருபோடு ஒட்டிக்கொண்டால் பொருள் கெட்டுவிடும். மெய்ப்பைப் போனில் படமாக வாங்கிப் பார்த்துச் சரி சொல்லிவிடாதீர்கள்; தாளில் அச்செடுத்து, உங்கள் கையெழுத்துப் பிரதியோடு வைத்து, எண்களையும் குறிகளையும் மட்டும் தனியாக ஒரு முறை ஒத்துப்பாருங்கள். உங்கள் வாத்தியாரிடமும் ஒரு படி கொடுங்கள். இந்த முறை அவர் ஒற்றுப்பிழைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.